கல்லூரிக்குக் காவலர் யார்?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய விழாவில் கவியரங்கம் உண்டு. நூல் வெளியீடு உண்டு. இவற்றுக்கு நடுவே, கல்லூரியின் ஆட்சியும் கண்காணிப்பும் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது செயலாளர் சற்றுத் தயங்கினார். "ஐயா, கவிதை பற்றியே பேசலாமே" என்றார். நான் பேசப்போவதும் ஒருவகையில் கவிதை பற்றித்தான் என்று சொல்லி அவரை இசைய வைத்தேன். அந்த வாக்கை நிறைவேற்றுவது என் கடமை.

இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். பெரிய நகரத்துப் பெருங்கல்லூரிகளில் பயின்றவர்கள் சிலரே. மற்றையோர் பேருந்தேறிப் போய், ஏதேனும் ஒரு வட்டத் தலைநகரில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரியில் படித்தவர்கள். முதல் கவிதையை அக்கல்லூரியின் ஆண்டு மலரில் அச்சில் கண்டவர்கள். வீட்டில் புத்தகமே இல்லாத ஒரு மாணவன் அந்நூலகத்தில்தான் புதுக்கவிதையைச் சந்தித்தான். ஆகவே அக்கல்லூரியை யார் ஆள்கிறார்கள், எப்படி ஆள்கிறார்கள், அதனை யார் கண்காணிக்கிறார்கள் என்னும் வினா அரசு அலுவலர்க்கு மட்டும் உரியதன்று. இலக்கியம் நம்பி நிற்கும் நிலத்தைப் பற்றிய வினா அது.

கண்கள் பல

ஒரு சிறிய அரசுக் கல்லூரியைப் பார்க்கும் கண்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உயர்கல்வித் துறை மேலே இருக்கிறது. அதன்கீழ்க் கல்லூரிக் கல்வி இயக்ககம்; அதன்கீழ் மண்டல இணை இயக்குநர் அலுவலகம். பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் பட்டத்துக்கும் இணைவு தந்த பல்கலைக்கழகம். பொதுத் தரத்துக்கு, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டநிலை பெற்ற பல்கலைக்கழக மானியக்குழு. மதிப்பெண்ணிட்டுச் சான்றளிக்க, 1994இல் நிறுவப்பட்ட 'நாக்' அமைப்பு. கணக்குகளைப் பார்க்க மாநிலக் கணக்காயரின் தணிக்கையாளர்கள்.

உதவிபெறும் தனியார் கல்லூரியாயின் நிலை சற்று வேறு. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 'கல்லூரிக் குழு' என ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. நிறுவியவரின் குடும்பமே எல்லாமும் என்றிருந்த நிலையை ஒழுங்கு செய்ய எழுந்த சட்டம் அது. அரசுக் கல்லூரிக்கோ நீண்ட காலம் அப்படி ஒரு குழுவே இல்லை. முதல்வர் உண்டு, அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவார், மேலிடம் விடை எழுதும். கல்லூரி இருக்கும் ஊருக்கு அதில் ஓர் இடமும் கிடையாது.

இந்நிலையை மாற்றக் கூடியதாகத் தோன்றியது தன்னாட்சி. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டிலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. தன்னாட்சிக் கல்லூரியில் ஆட்சிக்குழு, கல்விக்குழு, பாடத்திட்டக் குழு, நிதிக்குழு என நான்கு அவைகள் இருக்க வேண்டும். அரசுக் கல்லூரி தன்னாட்சி பெற்றாலும் இவை வேண்டும். ஆட்சிக்குழுவில் கல்வியாளரும், அரசு மற்றும் பல்கலைக்கழகச் சார்பாளரும், ஆசிரியரும், முதல்வரும் அமர்வர். பாடத்திட்டக் குழுவில் அந்தந்தத் துறையில் முதுகலை பயின்ற பழைய மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு.

இத்தனை கண்கள் இருந்தும் கல்லூரி காணப்படுகிறதா என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா. இதற்கு விடை தேடக் காவிரிக் கரைக்குச் சற்றே போய்வருவோம்.

குடந்தையில் மூன்று முடிவுகள்

கும்பகோணத்து அரசுக் கல்லூரி 1854இல் ஒரு மாகாணப் பள்ளியாகத் தோன்றி, 1867இல் கல்லூரியாக உயர்ந்தது. சிறிய நகரம்; சிறிய கல்லூரி. சென்னையிலிருந்து நோக்கினால் தொலைவில் இருந்த ஒன்று. அங்கே தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெற விரும்பினார். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். தம் இடத்துக்கு அதே ஆசிரியரிடம் பயின்ற ஓர் இளைஞரைப் பரிந்துரைத்தார். அந்த இளைஞர் அப்போது திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தார். பட்டம் ஏதும் பெற்றவரல்லர். ஆங்கிலக் கல்வி முறையில் பயின்றவருமல்லர். கல்லூரியின் தலைமையில் இருந்தவர் கோபால் ராவ். இளைஞரின் புலமை ஆராயப்பட்டது, வேலை தரப்பட்டது. அவர்தாம் உ.வே. சாமிநாதையர்.

அதற்குப் பின் நடந்ததை இவ்வவைக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இவை அனைத்தும் அவர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறுவதற்கு முன், குடந்தைக் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நாள்களில் வந்தவை. ஒரு சிறிய அரசுக் கல்லூரியின் பணியமர்த்தம் ஒன்று தமிழிலக்கிய வரலாற்றுக்கு என்ன செய்தது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

அவர் போன மறு ஆண்டு, 1904இல், அதே கல்லூரியில் ஓர் உள்ளூர் மாணவர் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கில் அவருக்கு நிகர் எவருமில்லை. ஆனால் பிற பாடங்களில் தேறவில்லை. விதிப்படி உதவித்தொகை நின்றது. படிப்பும் அங்கே நின்றது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கும் தேர்வில் தவறினார். அவர் இராமானுசன். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியபோது அவரிடம் பட்டம் இல்லை, ஆனாலும் கொடுத்தது. 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது.

இந்த மூன்று முடிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1880இல் கதவைத் திறந்தவர்கள் ஆளைப் பார்த்தார்கள். 1905இல் கதவை மூடியவர்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள். அவர்கள் விதியை மீறவில்லை. கடமையில் தவறியவர் என்று எவரையும் காட்ட முடியாது. 1913இல் முடிவெடுத்தவர்கள் மீண்டும் ஆளையும் அவர் எழுதிவைத்திருந்த கணக்கையும் பார்த்தார்கள்.

உடனே ஒரு மறுப்பு எழும். "விதியைத் தள்ளிவைத்து, ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் வேண்டியவர்க்குத்தானே இடம் கிடைக்கும்?" இம்மறுப்பு முற்றிலும் நேர்மையானது. 1880இல் பரிந்துரைக்க ஓர் ஆசிரியர் இருந்தார். பரிந்துரைப்பார் எவருமின்றி, சாதியாலும் வறுமையாலும் கல்லூரி வாயிலையே எட்ட முடியாதிருந்தோர் எத்தனை பேர்! இக்காரணத்தால்தான் 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. 1920களில் பனகல் அரசரின் அமைச்சரவை, மாணவர் சேர்க்கை முதல்வர் ஒருவரின் விருப்பமாக மட்டும் இருத்தலாகாது என்று அரசுக் கல்லூரிகளுக்குக் குழுக்களை அமைத்தது. விதி என்பது எளியவர்க்கு வேலி. அவ்வேலியைப் பிரித்துப்போட நான் சொல்லவில்லை. இன்று ஆசிரியர் பணிக்கு 'நெட்', 'செட்' அல்லது முனைவர் பட்டம் வேண்டும் என்பதையும் நான் குறைகூறவில்லை. விதி சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று பார்ப்பதோடு ஒரு கல்லூரியின் காவல் முடிந்துவிடுகிறதா என்றுதான் கேட்கிறேன்.

நான் இட்ட கையொப்பம்

பிறர் கதையைச் சொல்லிவிட்டேன். இனி என் கதை. இதைப் பல நாளாகச் சொல்ல எண்ணி, சொல்லாமல் இருந்தேன்.

நான் பணிநிறைவு பெற்றபின் ஒரு சிறிய கல்லூரியின் ஆட்சிக்குழுவில் கல்வியாளர் என்னும் பெயரில் எனக்கு ஓர் இருக்கை கிடைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டா. அதன்மேல் பழி சுமத்துவது என் நோக்கமன்று. ஒரு பிற்பகல் கூட்டம். பொருள் நிரல் நீளமானது. கட்டடப் பழுது, ஆய்வகக் கருவிகள், கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய், காலிப் பணியிடங்கள், கௌரவ விரிவுரையாளர்க்கு ஊதியம் வராத சிக்கல் என ஒவ்வொன்றும் உண்மையான துயரம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பயன்பாட்டில் இல்லாத நூல்களையும் பழைய இதழ்களையும் பதிவேட்டிலிருந்து நீக்க ஒப்புதல் வேண்டப்படுகிறது. பட்டியல் அலுவலகத்தில் உள்ளது.

பட்டியலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாலைப் பேருந்து நினைவு. எல்லோரும் தலையசைத்தனர், நானும் அசைத்தேன். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் கையொப்பமிட்டுத் தேநீர் அருந்தி ஊர் திரும்பினேன்.

சில திங்கள் கழித்து, இவ்வட்டத்தின் இளங்கவிஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். பழைய தாள் கடையில் எடுத்தது என்றார். பிரித்தேன். ஒரு சிற்றிதழின் கட்டடம் செய்த தொகுதி. முதல் பக்கத்தில் அக்கல்லூரியின் முத்திரை, பதிவெண். அதே தொகுதியை முன்பொரு முறை நானே அந்நூலகத்தில் இரவல் பெற்றுக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் நான் இட்ட கோடு அப்படியே இருந்தது. "இன்னும் இருந்ததா?" என்று கேட்டேன். "கொஞ்சம் இருந்தது ஐயா. மீதி போய்விட்டது என்றார்கள்" என்றார் அவர். அவரிடம் இருந்த பணத்துக்கு வாங்க முடிந்தவற்றை வாங்கியிருந்தார்.

நான் கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். எவரேனும் ஒரு தீயவர் அகப்படுவார் என்று மனம் எதிர்பார்த்தது. அப்படி ஒருவரும் இல்லை. நூலகர் ஓய்வு பெற்றபின் அவ்விடம் நிரப்பப்படவில்லை. வணிகவியல் ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்தார், அவர் நல்லவர். கூரை ஒழுகிய அறையில் இதழ்கள் இருந்தன. புதிய கணினிகளுக்கு அறை வேண்டியிருந்தது. இருப்புச் சரிபார்ப்பு முறைப்படி நடந்தது. குழு பரிந்துரைத்தது. ஆட்சிக்குழு ஒப்புதல் தந்தது. விலைப்புள்ளி பெறப்பட்டது. எடைக்குக் கிடைத்த தொகை கருவூலத்தில் செலுத்தப்பட்டது. செலுத்துச் சீட்டும் கோப்பில் இருந்தது. தணிக்கையாளர் வந்து பார்த்து ஒரு தடையும் எழுப்பவில்லை.

அன்பர்களே, அத்தனை கண்களும் பார்த்தன. தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. நீக்கப்படும் இதழ்களை மட்டும் எவரும் பார்க்கவில்லை. அவற்றைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். தணிக்கையாளர்க்கு அவ்விதழின் பெயர் தெரியாது. அறிந்திருக்க வேண்டும் என்று அவரை நாம் எதிர்பார்க்கவும் முடியாது. வணிகவியல் ஆசிரியர்க்கும் தெரியாது. அக்குழுவில் அதன் அருமை அறிந்த ஒரே மனிதன் நான். அதற்காகவே அவ்விருக்கை எனக்குத் தரப்பட்டிருந்தது. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த பேராசிரியரின் வரலாற்றை முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லி நெகிழ்ந்த நான், என் முன்னால் வந்த ஒரு பட்டியலைப் படிக்கவில்லை.

இப்பொருளில் சட்டமும் முற்றிலும் குருடன்று. நடுவணரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் நூலக இழப்பைப் பற்றிப் பேசுகின்றன. ஓராண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் இழப்பு இயல்பானது என்று கொள்ளலாம். ஆனால் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், விலை எதுவாயினும் அரிய நூலும் காணாமற்போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்கின்றன. மாநிலக் கல்லூரியை அவ்விதி நேரே கட்டுப்படுத்தாது. எனினும் 'விலை எதுவாயினும்' என்று நிதி விதியே சொல்லியிருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் எது அரியது என்று சொல்ல நூலை அறிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் விழித்திருக்கவும் வேண்டும்.

காவலும் தலையீடும்

வெளியார் கல்லூரிக்குள் நுழைந்தால் கட்சியும் சாதியும் பின்தொடரும் என்று ஆசிரியர் நண்பர்கள் அஞ்சுவதை நான் அறிவேன். அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. யாரைச் சேர்க்க வேண்டும், யாரை மாற்ற வேண்டும், எந்த ஒப்பந்தத்தை யாருக்குத் தரவேண்டும் என்று சொல்ல வருபவர் காவலர் அல்லர், அவர் தலையிடுபவர். இருவரையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி ஒன்று உண்டு. தலையிடுபவர் தாம் சொன்னது எழுத்தில் வருவதை விரும்பமாட்டார். காவலர் தாம் சொன்னதும் தமக்குக் கிடைத்த விடையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலும் மேலும் படிவங்களைக் கேட்பது கண்காணிப்பு ஆகாது. வகுப்பை விட்டுவிட்டு ஆசிரியர் புள்ளிவிவரம் நிரப்பும் நிலை ஏற்கெனவே வந்துவிட்டது. கோப்புகள் பெருகப் பெருக, படிக்கப்படாத பின்னிணைப்புகளும் பெருகுகின்றன. என் இதழ்கள் அப்படி ஒரு பின்னிணைப்பில்தான் மறைந்தன.

நாம் செய்யத்தக்கவை

அந்நிகழ்வுக்குப்பின் நடந்த கூட்டத்தில் நான் எழுந்து என் தவற்றைச் சொன்னேன். இனி நூல் நீக்கப் பட்டியல் எதுவாயினும், ஒப்புதலுக்கு 30 நாள் முன்னரே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன். 'பரிசீலிக்கப்படும்' என்று குறிக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்குமுன் என் பதவிக்காலம் முடிந்துவிட்டது. என்னால் முடியாமற்போன அதனை இந்த வட்டத்திடம் ஒப்படைக்கவே இங்கு வந்தேன்.

மூன்று வேண்டுகோள்கள் என்னிடம் உள்ளன.

முதலாவது, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தானே வெளியிட வேண்டும் என்கிறது. எவரும் விண்ணப்பிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்து அரசுக் கல்லூரிகள் அதனை வெளியிட்டுள்ளனவா என்று பார்ப்போம். வெளியிடாவிட்டால் பணிவுடன் கேட்போம்.

இரண்டாவது, பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர்க்கு உரிய இடத்தை வெறும் பெயர்ப் பட்டியலாக விடாதீர்கள். உங்களில் முதுகலை பயின்றோர் பலர் இருக்கிறீர்கள். முதல்வர் அழைத்தால் போங்கள். போனால் படித்துவிட்டுப் போங்கள். தற்காலக் கவிதை என்று ஒரு தாள் இருந்தால், அதில் வைக்கப்பட்ட நூல் அச்சில் உள்ளதா, நூலகத்தில் எத்தனை படி உள்ளது என்று கேளுங்கள். எளிய வினாதான். ஆனால் அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது, அந்த 30 நாள் அறிவிப்பைக் கேட்டு நம் வட்டத்தின் சார்பில் சுற்றுவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கு மடல் எழுதுவோம். வெறும் கோரிக்கையாக வேண்டா. "பட்டியல் தாருங்கள், எங்கள் உறுப்பினர் இருவர் வந்து அலமாரியின் முன் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருவர், கல்லூரியால் வைத்துக்கொள்ள முடியாத அரிய இதழ்களை முறைப்படி நன்கொடையாகப் பெற்றுப் பாதுகாக்கும் இடத்துக்குச் சேர்ப்போம்" என்று நம் உழைப்பையும் சேர்த்து எழுதுவோம். நூலகர் இல்லாத கல்லூரிக்கு அது உதவியாகவே தோன்றும். நூலகரை நியமிக்க வேண்டும் என்று கேட்பதையும் நாம் நிறுத்த வேண்டியதில்லை.

இவ்வட்டத்துக்கு இதெல்லாம் புதிதன்று. பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை முழு அவையின்முன் படிக்கிறோம். போன ஆண்டு தேநீர்ச் செலவு ஏன் கூடிற்று என்று ஒரு கவிஞர் எழுந்து கேட்டார், பொருளாளர் விடை சொன்னார், எவரும் சினக்கவில்லை. ஒரு சிறிய அமைப்பு தன்னைத் தானே காத்துக்கொள்வது அப்படித்தான். நமக்கு மொழி தந்த கல்லூரிக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுசெல்வோம் என்கிறேன்.

அந்த இளங்கவிஞர் மீட்டுவந்த தொகுதிகள் இப்போது நம் வட்டத்தின் நிலைப்பேழையில் உள்ளன. விழா முடிந்ததும் போய்ப் பாருங்கள். கல்லூரியின் முத்திரை முதல் பக்கத்தில் இருக்கிறது. அதை அழிக்க வேண்டா என்று சொல்லியிருக்கிறேன். அக்கல்லூரிக்கு ஒரு நூலகர் வரும் நாளில் அவற்றைத் திருப்பித் தரவேண்டும். அதுவரை அவை நம்மிடம் இரவல்.